அம்புக்குறி எங்கே போகிறது? பைத்தான் டியூட்டருடன் ஆறு மாதம்

முதலில் பைத்தான் என்ற நிரல்மொழியில் மூன்று வரிகள்.

அ = 5
ஆ = அ * 2
அ = 7

இவை மேலிருந்து கீழாக ஓடி முடிந்ததும் ஆ-வின் மதிப்பு என்ன? நான் கொஞ்சமும் யோசிக்காமல் 14 என்றேன். சரியான விடை 10.

நான் கணக்கு எழுதுகிறவள். 23 வருடமாக அதுதான் வேலை, அதில் பெரும்பகுதி எக்செலில். எக்செலில் ஒரு செல்லில் எண்ணை மாற்றினால், அதை நம்பியிருக்கும் எல்லாச் செல்களும் உடனே மாறிவிடும். அது ஒரு விதி என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. எண்களின் இயல்பே அப்படித்தான் என்று மனதில் படிந்துவிட்டது. அதனால் 'ஆ = அ * 2' என்ற வரியைப் பார்த்ததும், இனி அ எப்போது மாறினாலும் ஆ கூடவே மாறும் என்று படித்துவிட்டேன். அந்த வரி சொல்வதோ வேறு: இப்போது, இந்த நொடியில், அ-வை இரண்டால் பெருக்கி வருவதை ஆ என்று அழை. அதோடு அந்த வரியின் வேலை முடிந்தது.

சரி, ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறாது. பாடம் படித்தாயிற்று என்று அடுத்த மூன்று வரிக்குப் போனேன்.

அ = [10, 20, 30]
ஆ = அ
ஆ[0] = 99

சதுர அடைப்புக்குள் இருப்பது பட்டியல். 0 என்பது முதல் இடம், பைத்தானில் எண்ணிக்கை 0-வில்தான் தொடங்கும். இப்போது அ-வில் என்ன இருக்கும்? சற்று முன்புதான் சூடுபட்டிருந்ததால் உறுதியாக [10, 20, 30] என்றேன். விடை [99, 20, 30].

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அதுவரை நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு காணொளிப் பாடம், பெயர் வேண்டாம். அ, ஆ போன்ற பெயர்களுக்கு மாறி என்று பெயர். அந்தப் பாடத்தில் 'மாறி என்பது ஒரு பெட்டி, உள்ளே மதிப்பைப் போட்டு வைக்கிறோம்' என்று சொல்லித் தந்திருந்தார்கள். பெட்டி என்றால் ஒரு பெட்டியில் இருப்பதைப் பார்த்து இன்னொரு பெட்டியில் ஒரு பிரதி போடுகிறோம் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? கணக்கில் இதை நாள் முழுக்கச் செய்கிறேன். குறிப்பேட்டில் இருக்கும் தொகையைப் பேரேட்டில் பெயர்த்தெழுதுவேன். பேரேட்டில் அடித்துத் திருத்தினால் குறிப்பேட்டில் இருப்பது தானாக மாறிவிடாது. அப்படி மாறினால் அந்தக் கணக்கை யார் நம்புவது?

ஆக, முதல் கேள்வியில் எக்செல் பழக்கம் இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டியது. இரண்டாவதில் பேரேட்டுப் பழக்கம் இருக்கும் தொடர்பை மறைத்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாததால் வந்த தவறுகள் இல்லை இவை. நன்றாகத் தெரிந்த இரண்டு விஷயங்களால் வந்தவை. இது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது, புரிய வைத்தது பைத்தான் டியூட்டர். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது ஓர் இணையதளம். பிலிப் குவோ என்பவர் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, 2010-ல் தொடங்கியது. பிறகு அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரானார். 2021-ல் அவரே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், பத்து ஆண்டுகள், ஒரு கோடிப் பயனர்கள் என்று. பெயரில் பைத்தான் இருந்தாலும் ஜாவா, சி, சி++, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றையும் ஓட்டிக் காட்டும். பதிவு செய்ய வேண்டியதில்லை, காசும் கிடையாது. நிரலை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அழுத்தியதும் திரை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் உங்கள் நிரல். இப்போது ஓடி முடிந்த வரிக்குப் பக்கத்தில் வெளிர் பச்சை அம்பு, அடுத்து ஓடப்போகும் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு. வலப்பக்கம் படம். அதில் ஒரு பாதியில் பெயர்கள், இன்னொரு பாதியில் அந்தப் பெயர்கள் குறிக்கும் பொருள்கள். பட்டியல் என்றால் மஞ்சள் கட்டங்களாக வரிசையாக நிற்கும், ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் 0, 1, 2 என்று எண் இருக்கும். பெயரிலிருந்து பொருளுக்கு ஓர் அம்புக்கோடு. 'நெக்ஸ்ட்' அழுத்தினால் ஒரு படி முன்னால், 'ப்ரீவ்' அழுத்தினால் ஒரு படி பின்னால். பார்ப்பதற்கு இவ்வளவுதான்.

என் இரண்டாவது மூன்று வரியை அதில் போட்டேன். முதல் வரி ஓடியது: அ என்ற பெயர், மஞ்சள் கட்டங்கள் மூன்று, இடையில் ஒரு கோடு. இரண்டாம் வரி: ஆ என்ற பெயர் வந்தது. புதிதாக மூன்று கட்டம் முளைக்கும் என்று காத்திருந்தேன். முளைக்கவில்லை. ஆ-விலிருந்து கிளம்பிய கோடு வளைந்து போய், அ-வின் கோடு தொட்டிருந்த அதே கட்டங்களைத் தொட்டது. மூன்றாம் வரியில் முதல் கட்டத்தின் 10 அழிந்து 99 வந்தது. இரண்டு கோடுகளும் அசையவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். நடந்தது அது இல்லை. எக்செலில் ஒரு செல் எந்தெந்தச் செல்களை நம்பியிருக்கிறது என்று காட்ட நீல அம்புகள் போடும் வசதி உண்டு. தவறு எங்கே என்று தேடும்போது அதைத்தான் பயன்படுத்துவேன். டியூட்டரின் கோட்டைப் பார்த்ததும் என் மனம் அந்த நீல அம்பைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துவிட்டது. 'ஓ, மதிப்பு இங்கிருந்து அங்கே ஓடுகிறது போல' என்று புரிந்துகொண்டேன். பழைய தவறைத் திருத்த வந்த படத்தையே பழைய பழக்கம் தனக்கேற்றபடி வளைத்துக்கொண்டது. அதற்கு மேல் மூன்று வாரம், எல்லாம் தெரிந்த நினைப்போடு தவறாகவே நிரல் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பழைய ஆய்வைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992-ல் வெளியிட்டது. பூமியின் வடிவம் பற்றி 60 பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டார்கள். பூமி உருண்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, கேட்டால் உருண்டை என்றுதான் சொல்வார்கள். ஆனால் தோண்டித் தோண்டிக் கேட்டபோது ஓரிருவர் மனதில் இருந்த பூமி தட்டையானது. சிலருக்கு அது உள்ளே குடைந்த பந்து, மனிதர்கள் அதன் உள்ளே சமதரையில் நிற்கிறார்கள். இன்னும் சிலருக்குப் பூமியே இரண்டு: நாம் நிற்கும் தரை ஒன்று, வானத்தில் இருக்கும் உருண்டை மற்றொன்று. இவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர் சொன்னதை மறுக்கவில்லை. தரை தட்டையாக இருக்கிறது, ஆதாரம் இல்லாதது கீழே விழும் என்று அன்றாடம் கண்டு பழகிய இரண்டையும் கைவிடாமல், 'உருண்டை' என்ற புதிய சொல்லுக்கு இடம் தேடியிருக்கிறார்கள். நான் என் அம்புக்குறியோடு செய்ததும் இதுதான். ஏற்க மறுப்பவரிடம் வாதாடலாம். ஏற்றுக்கொண்டு வேறொன்றாகப் புரிந்துகொண்டவர், தான் தவறாக இருக்கிறோம் என்பதையே அறியமாட்டார்.

நிரல் கற்பவர்களைப் பற்றியும் இப்படிப்பட்ட ஆய்வுகள் உண்டு. புதியவர்களின் பிழைகளில் பலவும் நிரலுக்கு வருமுன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்த விஷயங்களிலிருந்து வருகின்றன என்று 1985-ல் ஜெஃப்ரி போனரும் எலியட் சோலோவேயும் எழுதினார்கள். மறு ஆண்டு ராய் பீ இன்னும் அடியில் போய் ஒன்றைச் சொன்னார்: கணினிக்குள் நம் கருத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் ஒளிந்திருக்கிறது என்று கற்பவர்கள் தம்மை அறியாமலே நம்புகிறார்கள். இதைப் படித்தபோது என் பழைய நிரல்கள் கண்முன் வந்தன. 'நான் சொல்ல வந்தது அதற்குத் தெரியாதா' என்று நான் எத்தனை முறை திரையைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்!

டியூட்டரின் பெரிய பலம் இந்த இடத்தில்தான். அதன் படத்தில் நம் கருத்துக்கு இடமே இல்லை. பெயர், பொருள், கோடு, அடுத்த வரி, அவ்வளவுதான். ஒரு நிரலைப் படிக்க அதை ஓட்டும் இயந்திரத்தை மனதுக்குள் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்று பெனடிக்ட் டு பூலே 1980-களில் எழுதினார். எல்லோர் மனதிலும் ஏதோ ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் மனதில் ஓடியது எக்செல். டியூட்டர் உண்மையான இயந்திரத்தை வரைந்து அதன் பக்கத்தில் வைக்கிறது. இரண்டும் எந்த வரியில் பிரிகின்றன என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க நான் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன். 'நெக்ஸ்ட்' அழுத்துவதற்கு முன் ஒரு தாளில் அடுத்த படத்தை வரைய வேண்டும். கட்டம், பெயர், கோடு எல்லாம். பேனாவால் வரைய வேண்டும், பென்சில் கூடாது. பென்சில் என்றால் திரையைப் பார்த்ததும் கை தானாக அழித்துத் திருத்திவிடும், பிறகு 'நானும் இதைத்தான் நினைத்தேன்' என்று தோன்றும். முதல் மூன்று வாரம் நான் வரையவில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று படம் பார்ப்பதுபோலப் பார்த்தேன், ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினேன். பார்க்கும்போது எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். 2002-ல் ஹண்ட்ஹாசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ மூவரும் இதுபோன்ற காட்சிக் கருவிகளைப் பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். படம் எவ்வளவு நன்றாகக் காட்டுகிறது என்பதைவிட, பார்ப்பவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதே கற்றலைத் தீர்மானிக்கிறது என்று கண்டார்கள். என் நோட்டுப் புத்தகமும் அதையே சொல்கிறது. வரையத் தொடங்கிய முதல் நாளிலேயே ஏழு படங்களில் நான்கு தவறு.

இனி என் அண்ணன் மகள். 14 வயது, என்னோடு சேர்ந்து கற்கிறேன் என்று வந்தாள். அவளுக்கு எக்செலும் தெரியாது, பேரேடும் தெரியாது. அதனால் சுலபமாகப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். 'அ = அ + 1' என்ற வரியைக் கண்டதுமே நின்றுவிட்டாள்.

"அத்தை, இது தப்பு. ரெண்டு பக்கமும் அ-வைக் கழிச்சா 0 = 1-ன்னு வருது."

அவள் சொன்னது முழுக்கச் சரி. பள்ளியில் அவளுக்குச் சமக்குறி அப்படித்தான் கற்றுத் தரப்பட்டது. 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் அந்த இரண்டு இணைகோடுகளைக் கொண்டுவந்ததே, இவற்றைவிடச் சமமான இரண்டு இருக்க முடியாது என்று சொல்லித்தான். 1957-ல் வந்த ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி அதே குறியை எடுத்து, 'வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்துக்குக் கொடு' என்ற வேறொரு வேலைக்கு வைத்துக்கொண்டது. அல்கால், பாஸ்கல் போன்ற மொழிகள் முன்னால் ஒரு முக்காற்புள்ளி சேர்த்து வேறுபடுத்தின. சி மொழி வெறும் சமக்குறியையே எடுத்துக்கொண்டது, பைத்தானும் அதே வழியில் போனது. இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு ஒரே முகம் என்றால், தெரிந்த முகத்தைத்தானே மனம் பார்க்கும்? இதில் குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டியூட்டரில் அந்த வரியை ஓட்டினாள். அ-வுக்கு எதிரே 5. நெக்ஸ்ட். 6. ப்ரீவ். 5. நெக்ஸ்ட். 6. ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் போனாள். "சரி, இது சமம் இல்லை. இது ஒரு வேலை," என்றாள். பின்னோக்கிப் போகும் அந்தப் பொத்தானுக்காகவே இந்தத் தளத்தை யாருக்கும் பரிந்துரைப்பேன். சாதாரணமாக நிரலை ஓட்டினால் 5 எப்படி 6 ஆனது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை.

ஆனால் நான் முதலில் தடுக்கி விழுந்த கேள்வியை அவளிடம் கொடுத்தபோது அவளும் 14 என்றாள். எனக்கு ஒரே மகிழ்ச்சி, இவளுக்கும் என் குழப்பம்தான் என்று. எக்செல் எப்படி வேலை செய்யும், பைத்தான் எப்படி வேறுபடும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில்தான் ஏன் 14 என்று கேட்டேன்.

"ஆ = அ * 2-ன்னு சொல்லியாச்சு. சொன்னா அது எப்பவும் உண்மைதானே அத்தை? நடுவுல எப்படி பொய்யாகும்?"

அவளுக்குள் இருந்தது அல்ஜீப்ரா. ஒரு சமன்பாடு எழுதப்பட்டால், விடை எழுதி முடிக்கும் வரை அது நிற்கும். விடை இருவருக்கும் ஒன்றே, வந்த வழிதான் வேறு. என் விளக்கம் அவளைத் தொடாததற்குக் காரணம் அதுதான். தவறான விடையைப் பார்த்து, தவறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். டியூட்டருக்கும் இந்த இடத்தில் கை எட்டாது. அது இருவருக்கும் ஒரே படத்தைக் காட்டும், ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்காது. பக்கத்தில் அதைக் கேட்க ஓர் ஆள் இருந்தால் கருவியின் மதிப்பு இரண்டு மடங்காகிவிடும்.

அவளுடைய இன்னொரு தடுமாற்றம் மொழியிலிருந்து வந்தது. பைத்தானில் 'வைல்' என்று ஒரு சொல், ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை கீழே உள்ள வரிகளைத் திரும்பத் திரும்பச் செய் என்பதற்கு. 'மழை பெய்கிற வரை உள்ளேயே இரு' என்றால் மழை நின்ற நொடியில் வெளியே வந்துவிடுவோம். அவள் நிரலிலும் அதையே எதிர்பார்த்தாள்: நிபந்தனை 'அ ஐந்துக்குக் கீழே' என்றால், அ ஐந்தைத் தொட்ட கணமே அந்தச் சுழற்சி பாதியில் நின்று வெளியேறும் என்று. சிவப்பு அம்போ நிதானமாகச் சுழற்சியின் மிச்ச வரிகளையும் முடித்துவிட்டு, மேலே திரும்பிப் போய், அப்புறம்தான் நிபந்தனையைப் பார்த்தது. போனரும் சோலோவேயும் பதிவு செய்த அதே பிழை, வேறொரு மொழி பேசும் பிள்ளையிடம்!

இப்போது ஒரு முக்கியமான அமைப்பு. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். நிரல் பெட்டிக்குக் கீழே சில தெரிவுகள் இருக்கின்றன. தானாக அமைந்திருப்பது, எண் போன்ற எளிய மதிப்புகளைப் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டத்துக்குள் காட்டும் முறை. படம் சுத்தமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அது 'மாறி என்பது பெட்டி' என்ற நினைப்புக்கு உரம் போடுகிறது: எண்ணுக்குப் பெட்டி, பட்டியலுக்கு மட்டும் கோடு, ஆக இரண்டும் இரண்டு விதம் என்று. பைத்தானில் அப்படி இரண்டு விதம் கிடையாது. எண்ணும் பொருள்தான், பெயர் அதைச் சுட்டத்தான் செய்கிறது. எல்லாப் பொருள்களையும் தனியே வரையச் சொல்லும் தெரிவு அதே பட்டியலில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து என் முதல் மூன்று வரியை மறுபடி ஓட்டினேன். அ-விலிருந்து ஒரு கோடு 5-க்கு. ஆ-விலிருந்து ஒரு கோடு 10-க்கு. மூன்றாம் வரியில் 7 என்ற புதிய பொருள் வந்தது, அ-வின் கோடு 5-ஐ விட்டு 7-க்கு நகர்ந்தது. ஆ-வின் கோட்டை யாரும் தொடவில்லை. முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி இரண்டுக்கும் விதி ஒன்றுதான் என்று அன்றுதான் கண்டேன். 'அ = 7' கோட்டை நகர்த்துகிறது. 'ஆ[0] = 99' கோட்டின் மறுமுனையில் இருக்கும் பொருளை மாற்றுகிறது. புதிதாகக் கற்பவர்கள் முதல் நாளே அந்தத் தெரிவைப் போட்டுவிடுங்கள்.

அன்று இரவு படுக்கும்போது ஒரு பழைய பொருள் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்கு கணினிக்கு முழுதாக மாறியிருக்கவில்லை. தைத்த பேரேடு ஒன்று உண்டு. அதன் முன்பக்கத்தில் அகர வரிசையில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பக்க எண். ஒரே வாடிக்கையாளரை ஆள் பெயரிலும் தேடுவார்கள், நிறுவனப் பெயரிலும் தேடுவார்கள் என்பதால் இரண்டு பெயரையும் எழுதி, இரண்டுக்கும் பக்கம் 41 என்று போடுவோம். 41-ஆம் பக்கத்தில் ஒரு பதிவு எழுதினால், எந்தப் பெயர் வழியாக வந்தாலும் அந்தப் பதிவு தெரியும்.

பைத்தான் இதுதான்! 'ஆ = அ' என்பது பக்கத்தைப் பெயர்த்தெழுதுவது இல்லை, முன்பக்கத்தில் இன்னொரு பெயருக்கு அதே பக்க எண்ணைப் போடுவது. 'அ = 7' என்பது அ-வுக்கு எதிரே வேறு பக்க எண்ணை எழுதுவது. எழுந்து விளக்கைப் போட்டு நோட்டில் எழுதி வைத்தேன். பைத்தானைத் தவறாகப் படிக்க வைத்ததும் பேரேடுதான், சரியாகப் படிக்க வைத்ததும் பேரேடுதான். பழைய அச்சு எதுவும் இல்லாமல் புதியதைப் பிடிக்க எனக்கு வழியில்லை. எந்த அச்சு கைக்கு முதலில் வருகிறதோ அதையே விடாமல் பிடித்துக்கொண்டதுதான் சிக்கலாக இருந்தது.

மறுநாள் இதை அண்ணன் மகளிடம் ஆர்வமாகச் சொன்னேன். பேரேட்டையே பார்க்காத பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னை வீட்ல ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க, ஸ்கூல்ல வேற பேரு. வீட்ல முடி வெட்டிட்டுப் போனா ஸ்கூல்லயும் முடி கம்மியாத்தானே இருக்கும்? அதுவா?" என்றாள். அதேதான். எனக்கு 23 வருட வேலை தேவைப்பட்டது, அவளுக்கு அவளுடைய செல்லப் பெயரே போதும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இது சிறிய நிரல்களுக்கான கருவி. ஆயிரம் படிகளைத் தாண்டினால் நின்றுவிடும், கோப்புகளைத் திறக்காது, பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை வெளியிலிருந்து கொண்டுவந்து வேலை செய்ய நினைத்தால் பெரும்பாலும் முடியாது. பட்டியலுக்குள் பட்டியல் என்று போகும்போது கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கண்ணைச் சோதிக்கும், பெரிய திரை இருந்தால் நல்லது. ஒரு செயற்கூறு (பெயர் வைத்த ஒரு தொகுதி வரிகள்) தன்னையே அழைக்கும் நிரல்களை இதில் பார்ப்பது தனி அனுபவம், ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கட்டமாக அடுக்கடுக்காக ஏறி இறங்கும். உங்கள் நிரலுக்கு ஒரு நிரந்தர இணைப்பு எடுத்து அடுத்தவருக்கு அனுப்பலாம், நானும் அவளும் அப்படித்தான் ஒருவருக்கொருவர் கேள்வி போட்டுக்கொள்கிறோம்.

போன வாரம் அவள் அனுப்பியது இது.

அ = (1, [2])
அ[1] += [3]

வட்ட அடைப்புக்குள் இருப்பது டியூப்பிள், உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. இரண்டாம் வரி அதன் ஒன்றாம் இடத்தில் (0-விலிருந்து எண்ணினால்) இருக்கும் பட்டியலோடு 3-ஐச் சேர்க்கப் பார்க்கிறது. பேனாவை எடுத்து வரைந்தேன்: பிழை வரும், பட்டியல் பழையபடி [2] ஆகவே இருக்கும். நெக்ஸ்ட். பிழை வந்தது. மஞ்சள் கட்டங்களைப் பார்த்தேன், [2, 3] என்று இருந்தது. பிழை என்று சொல்லிவிட்டு வேலையையும் செய்து முடித்திருந்தது.

என் பேரேட்டைக் கொண்டுவந்து யோசித்தேன். பட்டியலுக்கு '+=' இரண்டு வேலை செய்கிறது. முதலில் அந்தப் பக்கத்துக்கே போய்ப் பதிவை எழுதுகிறது, பக்கம் திறந்துதான் இருக்கிறது, எழுதியாயிற்று. பிறகு முன்பக்கத்துக்கு வந்து பக்க எண்ணை மறுபடி போடப் பார்க்கிறது, அங்கே முத்திரை வைத்து மூடியிருக்கிறது. பிழை வருவது அந்த இரண்டாவது வேலையில். எனக்கு இது நிம்மதியாக இருந்தது, தொலைபேசியில் அவளிடம் சொன்னேன்.

"அத்தை, அது உங்க புத்தகத்துக்குச் சரி. என் பேர் கதைக்கு இது வரலையே," என்றாள். முடியை வெட்டியது யார், வேண்டாம் என்று தடுத்தது யார் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நோட்டில் இரண்டு வட்டம் போட்டு, ஒரு கோடு இழுத்து, அதை அடித்துவிட்டு மறுபடி இழுத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், பேனாவால்தான் வரைந்திருக்கிறாள்.